கோடை பார்லரின் வாசல்

கோடை பார்லரின் வாசல் வழியாக உள்ளே நுழைந்த அத்தனை பேரும் வெண்பனி பார்லருக்குள் போய் நின்றார்கள். கோடை பார்லர் இருந்தது தைவானின் கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மீன் சந்தையை ஒட்டிய மலைச்சரிவில். வெண்பனி பார்லர் இருந்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம், கோயில் தெருவில். பாலம் சுற்றி நடந்து போனால் ஒரு பானை சோறு வெந்துவிடும். வாசலைத் தாண்டினால் ஒரே அடிதான். எழுபத்தொன்பதாம் வருஷம் கோடை திறந்த நாளிலிருந்தே இப்படித்தான். அந்த வருஷம் கணவாய் மீன் விலை ஏறியது, துறைமுகத்தில் புதிய பளுதூக்கி இயந்திரங்கள் நிறுத்தினார்கள், பீயுன் கடையின் வாசல் வேறிடத்தில் திறந்தது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

கடைக்காரி ஜியென் பீயுன், மலைக்குப் பின்னால் இருந்த நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து வந்தவள். சுரங்கத்தில் அப்பா முதுகை முறித்துக்கொண்டு படுத்த வருஷம், பதினைந்து வயதில், வெண்பனியில் தொழில் பழகச் சேர்ந்தாள். வெண்பனியின் முதலாளி ஓங் சியூகிம் பிள்ளையில்லாத விதவை. அவள் இருமினால்கூட அதட்டுவது போலிருக்கும். சேரும் பெண்கள் முதல் மூன்று வருஷம் துவாலை துவைத்து, தரை கூட்டி, முதலாளியம்மாவின் கால் பிடித்துவிட வேண்டும். நாலாம் வருஷம்தான் சீப்பு கைக்கு வரும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் தலையில் நுரையைக் கோபுரமாக எழுப்பி, பத்து விரலாலும் அழுத்தித் தேய்த்து, கழுத்துப் பட்டியில் ஒரு சொட்டுகூட விழாமல் அலசும் தொட்டி வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். சொட்டு விழுந்தால் சீப்பின் கூர்முனை விரல் முட்டியில் இறங்கும். பீயுன்னின் முட்டிகள் இரண்டு வருஷம் ஆறாமல் இருந்தன. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவளைப் போல நுரை எழுப்ப யாருக்கும் வரவில்லை. மீன் சந்தைப் பெண்கள், கப்பல் கம்பெனி அதிகாரிகளின் மனைவிமார், கல்யாணப் பெண்கள் எல்லோரும் வெண்பனிக்குள் வந்தால் மூன்றாவது நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அதன் பின்னால்தான் பீயுன் நிற்பாள். மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

இது சியூகிம்முக்குத் தெரியும். அதனால் வருஷக் கடைசி விருந்தில் வாத்துக் கறியின் தொடைத் துண்டை பீயுன்னின் கிண்ணத்தில் வைத்து, "எனக்கப்புறம் இந்தக் கடை உனக்குத்தாண்டி" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வாள். வருஷா வருஷம் தொடைத் துண்டும் வந்தது, அந்தப் பேச்சும் வந்தது. பீயுன் அதை நம்பினாள். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் ஹோக்செங்கைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும், வேறு ஊரிலிருந்து பெரிய பார்லர்காரர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோதும் அவள் அசையவில்லை.

முப்பத்தோராவது வயதில் ஒரு காலை வேலைக்கு வந்தவள், கல்லாவுக்குப் பின்னால் ஓர் இளைஞன் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சியூகிம்மின் அண்ணன் மகன், தாய்ச்சுங்கிலிருந்து முந்தின நாள்தான் வந்தவன். முடி சுருட்டும் உருளைக்கும் மாவு தேய்க்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது அவனுக்கு.

"இனிமே இவன்தான் கடையைப் பாத்துக்குவான். முதலாளின்னு கூப்பிடு" என்றாள் சியூகிம்.

"எனக்குத்தான்னு சொன்னீங்களே?"

"என்ன சொன்னேன்?"

"கடை எனக்குன்னு. வருஷா வருஷம், இத்தனை பேரு முன்னாடி."

சியூகிம் டீயை ஊதிக் குடித்தாள். "எழுதிக் குடுத்தேனா?"

நாற்காலிகளில் இருந்த பெண்கள் தலையில் நுரையோடு கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீயுன் கையிலிருந்த தலையை அலசி, துவட்டி, சுருட்டி, முடி உலர்த்திக்குள் உட்கார வைத்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி மூன்றாவது நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு வெளியே போனாள். சியூகிம் தெரு வரை வந்து கத்தினாள்: "போடி! சுரங்கக் கரியை மூஞ்சில அப்பிக்கிட்டு வந்தவ நீ! எங்க போயிடுவேன்னு பாக்குறேன்!"

அடுத்த மாதமே பீயுன் மலைச்சரிவில் இடம் பிடித்தாள். ஹோக்செங்குக்கு விருப்பமில்லை. ஆனால் வீட்டில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டான். பேர் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "கோடை" என்றாள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் இது என்ன பேர் என்று அவன் கேட்டான். "பனி உருகட்டும்" என்றாள்.

திறப்பு விழாவுக்கு மீன் சந்தையே திரண்டு வந்தது. வாசலில் அதிர்ஷ்டத்துக்கு அன்னாசிப் பழம் கட்டித் தொங்கவிட்டு, சரவெடி கொளுத்தினார்கள். புகை அடங்கியதும் முதல் ஆளாக பீயுன்தான் வாசலைத் தாண்டினாள். சிவப்புச் சட்டையும் புதுச் செருப்புமாகக் காலை உள்ளே வைத்தவள், வெண்பனியில் மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கழற்றிப் போட்ட ஏப்ரன் அப்படியே கிடந்தது. சியூகிம் யாருக்கோ பின்கழுத்து முடியைச் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி, கொஞ்சம்கூடத் திகைக்காமல் சொன்னாள்:

"நேரமாச்சு. ஏப்ரனைக் கட்டு."

பீயுன் திரும்பி நடக்க எடுத்த காலை வைப்பதற்குள் பின்னாலேயே பன்றிக்கறிக் கடை லோ அக்கா வந்து நின்றாள். அவள் பின்னால் ஐஸ் வியாபாரியின் மனைவி, அவள் பின்னால் ஐந்தாறு பேர், எல்லோர் தலையிலும் வெடிக் காகிதத் துணுக்குகள். "உன் புதுக் கடை பழசு மாதிரியே இருக்குடி" என்றாள் லோ அக்கா சுற்றிலும் பார்த்து. அப்புறம் சியூகிம்மைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் பாலம் சுற்றி நடக்கச் சோம்பல்பட்டு அங்கேயே தலை அலசிக்கொண்டு போனார்கள். அதை பீயுன் கடைசி வரை மன்னிக்கவில்லை.

வாசல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த வாரத்திலேயே ஊர் தெரிந்துகொண்டது. வெளியே போகும்போது அது எல்லா வாசலையும் போலத்தான். உள்ளே வரும்போது மட்டும் வெண்பனி. திரும்பி வர அந்தப் பக்கத்தில் வழி கிடையாது, நடக்கத்தான் வேண்டும். ஹோக்செங் கதவைக் கழற்றி எறிந்தான், நிலையைப் பெயர்த்தான், பின்சுவரில் புதிதாக ஒரு வாசல் உடைத்தான். புதிய வாசலும் கோயில் தெருவுக்கே போனது. கடைசியில் லோ அக்காதான் ஆத்திரத்தில் பக்கச் சந்தில் ஒரு ஏணியைச் சாத்தி, ஆள் உயரத்தில் இருந்த சன்னல் வழியாக எண்பது கிலோ உடம்பைத் தள்ளி உள்ளே விழுந்தாள். விழுந்த இடம் கோடை பார்லர். பீயுன் அவளைத் தூக்கி நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்து, அழுதுகொண்டே அவள் தலையில் நுரை எழுப்பினாள். அதுதான் முதல் வியாபாரம்.

அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் சன்னல் ஏறினார்கள். அவர்கள் வசதிக்காக ஹோக்செங் ஒருமுறை சன்னலுக்கு மரப்படி கட்டி, கைப்பிடி வைத்து, மேலே மழைக்குத் தகரமும் போட்டான். மறுநாள் காலை படியேறி சன்னல் தாண்டிய மூன்று பேரும் வெண்பனிக்குப் போய்விட்டார்கள். வசதியாக இருந்தால் அது வாசலாகிவிடுகிறது என்று புரிந்துகொண்டு அவன் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் பழைய ஏணியையே சாத்தினான்.

பீயுன் வட்டார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். சமரசம் பேசுகிற அதிகாரி வழுக்கைத் தலையர். இரண்டு கடைக்கும் போக வேண்டிய தேவை இல்லாதவர் என்பதால் நடுநிலையானவர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்களும் முகம் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"என் கஸ்டமரை இவங்க இழுக்குறாங்க" என்றாள் பீயுன்.

"நான் எதையும் இழுக்கல. என் கடையில உக்காந்திருக்கேன். வந்து நிக்கிறாங்க" என்றாள் சியூகிம். "ஐயா, இவ பதினஞ்சு வயசுல என் முன்னாடி மண்டி போட்டு, டீக் கிண்ணத்தை நீட்டி ஒரு வார்த்தை சொன்னா. என்னன்னு கேளுங்க."

அதிகாரி கேட்டார். பீயுன் சன்னல் பக்கம் பார்த்தாள். வெண்பனியில் தொழில் பழக வரும் எல்லாப் பெண்களும் சொல்கிற வார்த்தைதான். அவளுக்கு முன்னால் இருபது பேர் சொல்லியிருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் மறந்திருப்பார்கள்.

"என்னைத் தேடி வர்றவங்க எல்லாம் இந்த வீட்டுக்கு வர்றவங்கன்னு சொன்னேன்" என்றாள் மெல்ல. பிறகு நிமிர்ந்தாள். "சொன்னேன். எழுதிக் குடுத்தேனா?"

சியூகிம்மின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "இல்ல. நானும் அந்த வாசலுக்கு எதையும் எழுதிக் குடுக்கல. எங்க போகணும்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டிக் கடை வைக்கக் கூடாது என்று எழுத்தில் இல்லை, ஆகவே பீயுன் கடை நடத்தலாம். வாசல் எங்கே திறக்க வேண்டும் என்றும் எழுத்தில் இல்லை, ஆகவே அது விருப்பப்படி திறக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். மாடிப்படியில் இறங்கும்போது சியூகிம்மின் குடை பீயுன்னின் முழங்காலில் பட்டது. தெரிந்தேதான்.

அதற்குப் பிறகுதான் பீயுன்னுக்கு அந்த யோசனை வந்தது. வாசல் சியூகிம்மின் கடைக்குப் போகிறது என்றால், போகட்டும். சாயங்காலம் கூட்டிய முடியை எல்லாம் வாரி, தெருவில் நின்று, தன் வாசலுக்குள் வீசினாள். சுருட்டும் மருந்து கலந்த நாற்றத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். குடித்துவிட்டு வழி கேட்ட வெளிநாட்டு மாலுமிகளை, "உள்ள போங்க, நல்லா கவனிப்பாங்க" என்று கைகாட்டி அனுப்பினாள். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளரின் டிரம்பெட் குழுவையும், திருவிழாவுக்காகக் கொழுக்க வளர்த்த லோ அக்காவின் பன்றியையும் அனுப்பினாள். பன்றி வெண்பனியின் பெரிய கண்ணாடியில் தன்னைப் பார்த்து மிரண்டு, இரண்டு அலசும் தொட்டிகளை உடைத்தது. சியூகிம் அன்று பாலம் தாண்டி வந்து, சந்தில் நின்று, பீயுன்னின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். பீயுன் சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றபடி கேட்டாள். தோலைக் கீழே போட்டாள்.

"என்ன இருந்தாலும் உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவங்க" என்றான் ஹோக்செங் சாப்பிடும்போது.

"அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க."

"சொல்லிக் குடுத்தாங்கல்ல?"

அவள் மீன் குழம்பை அவன் பக்கத்திலிருந்து நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவன் வெறும் சோற்றைத் தின்றான்.

சந்திர வருஷத்தின் ஏழாம் மாதம் வந்தது. அந்த மாதம் கீலுங்கில் யாரும் பேய் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். நல்ல சகோதரர்கள் என்பார்கள். பாதாளத்தின் கதவு திறந்துவிட, அவர்கள் ஊருக்குள் அலைவார்கள். கடைக்காரர்கள் மேசை போட்டுக் கோழியும் பிஸ்கட்டும் மதுவும் படைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகச் சொல்வார்கள். மேசையை வீட்டுக்கு வெளியேதான் போட வேண்டும். உள்ளே கூப்பிட்டால் தங்கிவிடுவார்கள். இது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். பீயுன் அந்த வருஷம் படையல் மேசையைக் கடைக்குள்ளே போட்டாள். வாசலை அகலத் திறந்து வைத்து, மூன்று ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் குனிந்து, "வாங்க, உள்ள வாங்க, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டாள். சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

பட்டப்பகலில், மழைக்கு நடுவே, அவர்கள் வரிசையாக வந்து வாசலுக்குள் நுழைந்தார்கள். கடலில் போனவர்கள், சுரங்கத்தில் போனவர்கள், யார் என்று கேட்க ஆளில்லாமல் போனவர்கள். வெண்பனியில் அன்று நாற்காலி அத்தனையும் நிரம்பியிருந்தது. உலர்த்திக்குள் தலை வைத்திருந்த பெண்களுக்கு சூடான காற்று பனிக்காற்றாக மாறியது. பார்த்தால் பக்கத்து உலர்த்தியில் கடற்பாசி சொட்டும் தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் சுருள் உருளைகளோடு தெருவில் ஓடினார்கள். தாய்ச்சுங் அண்ணன் மகன் மேசைக்கடியில் போய் ஒளிந்தவன், மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான்.

சியூகிம் ஓடவில்லை. கைகளை இடுப்பில் வைத்துக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "தின்ன ஒண்ணும் இல்ல இங்க" என்று அவர்களிடம் சொன்னாள். "தலையைப் பாருங்க எல்லாம், சகிக்கல. உக்காருங்க." பாசி சொட்டியவளின் தலையை முதலில் எடுத்தாள். மூன்று முறை நுரை எழுப்பி, சிப்பிகளைப் பல்சீப்பால் சீவி எடுத்து, நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாணியில் கொண்டை போட்டுவிட்டாள். அந்த மாதம் முழுக்க அவள் அவர்களுக்கே வேலை செய்தாள். சுரங்கக்காரர்களின் தலையிலிருந்து கரி கரியாக ஓடிய தண்ணீர் கால்வாய் வரை கறுத்தது. மாதம் முடிந்து அவர்கள் திரும்பிப் போகும்போது எல்லோர் தலையும் பளபளவென்று இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷம் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். உயிரோடிருக்கும் வாடிக்கையாளர்கள் அந்த மாதத்தில் மட்டும் வெண்பனிக்கு வராமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பீயுன் காதுக்கும் வந்தது. அவளுடைய அப்பாவும் அதற்குள் செத்துப்போயிருந்தார். சுரங்கக்காரர்களின் வரிசையில் அவரும் இருந்தாரா என்று கேட்க அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அந்த ஆளிடம் அவள் கேட்க மாட்டாள்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. துறைமுகத்தில் கப்பல்கள் பெரிதாகின, ஆட்கள் குறைந்தார்கள். பெண்கள் கொண்டையை விட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், பிறகு மறுபடி சுருட்டினார்கள். கோடையில் பீயுன்னுக்குக் கீழே நாலு பெண்கள் வேலை பார்த்தார்கள். சேரும் ஒவ்வொருத்தியிடமும் அவள் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினாள். இந்தக் கடையில் வாயால் சொல்லப்படும் எதுவும் செல்லாது என்பது அதில் முதல் வரி. டீக் கிண்ணம் நீட்ட வந்த பெண்களை, "கிண்ணத்தைக் கீழ வை, வாயைத் திறக்காதே" என்று தடுத்துவிடுவாள். வெண்பனியில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். கடைசியில் சியூகிம் மட்டும் இருந்தாள். பீயுன்னின் வாசலில் வழி தெரியாமல் நுழைகிற வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து விழுந்தால், அன்றைக்கு அவளுக்கு வேலை.

ஒரு குளிர்காலத்துப் பிற்பகல் சியூகிம் பாலம் தாண்டி வந்தாள். அவள் வயதில் அந்த ஊரில் எல்லோரும் செய்வது போல, தன் சாவுக்கு வைக்கும் படத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க ஸ்டூடியோவில் நேரம் கேட்டிருந்தாள். தலையைச் சரிசெய்ய வேண்டும். கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷமாயிற்று. வந்தவள் ஏணியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குள் நுழைந்து மறைந்தாள். ஒரு பானை சோறு வேகும் நேரம் கழித்துக் குடையோடு மறுபடி பாலத்தில் தெரிந்தாள். மறுபடி வாசலுக்குள் நுழைந்தாள். மூன்றாம் முறை வந்தபோது செருப்பு முழுக்கச் சேறு. அப்போதுதான் சந்தில் வந்து நின்றாள்.

"அடியே பீயுன்! வெளிய வா!"

பீயுன் சன்னலில் தலையை நீட்டினாள். "உள்ள வாங்க. சன்னல் தொறந்துதான் இருக்கு."

"நான் என்ன திருடியா, சன்னல் ஏறி வர்றதுக்கு? சீப்பு புடிக்கச் சொல்லிக் குடுத்தவடி நான் உனக்கு!"

"லோ அக்கா உங்களைவிட ரெண்டு மடங்கு. அவங்களே ஏறி வர்றாங்க."

உள்ளேயிருந்து லோ அக்காவின் குரல் வந்தது: "என்னை எதுக்குடி இதுல இழுக்குற?"

சியூகிம் குடையை மடக்கி ஏணியின் முதல் படியை ஒரு அடி அடித்தாள். அவ்வளவுதான் அவள் ஏணியோடு வைத்துக்கொண்ட உறவு. பிறகு திரும்பிப் போனாள். கல்படிகளில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று நின்று போவதை பீயுன் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னந்தலையில் முடி கொட்டி, தோல் தெரிந்தது. அதை மறைக்க ஒரு பக்கமிருந்து இழுத்து ஊசி குத்தியிருந்தாள். அந்த ஊசி கோணலாக இருந்தது. பீயுன்னால் தாங்க முடியாதது அதுதான். சியூகிம்மின் கை குத்திய ஊசி ஒன்று கோணலாக இருந்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

லோ அக்காவின் தலையை வேறொரு பெண்ணிடம் விட்டுவிட்டு, சீப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனாள். மழையில் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பி, திறப்பு விழாவுக்குப் பிறகு முதல் முறையாக, தன் வாசலுக்குள் தானே நுழைந்தாள்.

வெண்பனியில் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. ஆள் வந்து சேரவில்லை. பீயுன் மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்தாள். சியூகிம் நனைந்துகொண்டு வந்து, கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, குடையை மூலையில் வைத்தாள்.

"காலைத் தொடச்சியா?"

"உங்க தரையே அழுக்காத்தான் இருக்கு."

சியூகிம் போய் உட்கார்ந்தாள். பீயுன் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நுரை எழுப்பினாள். அந்தத் தலையை அவள் அதற்கு முன் தொட்டதே இல்லை. பதினாறு வருஷம் அங்கே வேலை செய்தபோதுகூட முதலாளியம்மா தன் தலையை யாரிடமும் கொடுத்ததில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தலையாக இருந்தது.

"முன்பக்கம் தூக்கி விடு."

"இருந்தாத்தானே தூக்க?"

"கை நடுங்காமப் பண்ணு."

"நடுங்குறது உங்க தலை."

சுருட்டி, உலர்த்தி, சீவி முடித்தபோது இருட்டவில்லை, மழை மட்டும் கனத்திருந்தது. சியூகிம் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "காதுகிட்ட சரியில்ல" என்றாள்.

"உங்க காது சரியில்ல."

பீயுன் பெட்டியைப் பூட்டினாள். கதவருகே போனவள், கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஏழாம் மாசம் வர்ற சுரங்கக்காரங்கள்ல, முதுகு கூனினவர் ஒருத்தர்..."

"வருவார்" என்றாள் சியூகிம், கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "தலையில பொடுகு. ரெண்டு தரம் அலசணும். உன்னை மாதிரியே பேச்சு, எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு."

பீயுன் பாலம் சுற்றி நடந்து வந்தாள். தான் அதுவரை சீவி முடித்த தலைகளிலேயே அன்று முடித்ததுதான் நன்றாக அமைந்தது என்று தெரிந்ததில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்கும் ஏணி ஏறித்தான் உள்ளே போனாள். அடுத்த வாரம் வழக்கம் போல் முடியை வாரி வாசலுக்குள் வீசினாள்.

சியூகிம் அதற்கு அடுத்த வருஷம் செத்தாள். பீயுன் சாவுக்குப் போகவில்லை. போய் வந்தவர்கள், படத்தில் இருந்த தலையலங்காரத்தைப் பார்த்து யார் செய்தது என்று கேட்கவே தேவையிருக்கவில்லை என்றார்கள். அண்ணன் மகன் தாய்ச்சுங்கிலிருந்து வந்து கடையை விற்க அலைந்தான். கண்ணாடி முன்னால் ஆட்கள் திடீர் திடீரென்று வந்து நிற்கிற கடையை வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் சந்துக்கு வந்து, கழுத்தை மேலே தூக்கி சன்னலைப் பார்த்துக் கெஞ்சினான்: "அக்கா, நீங்களே எடுத்துக்கங்க. வாடகைகூட வேண்டாம். ஆளுங்க உங்க வாசல்ல நுழைஞ்சு உங்க கடைக்கே வந்துடலாமே."

எல்லாம் அவ்வளவு சரியாக இருந்தது. கீழே இருந்த ஹோக்செங்கூட நம்பிக்கையோடு மேலே பார்த்தான்.

"வேண்டாம்" என்றாள் பீயுன். "என் கஸ்டமருக்கு சன்னல் பழகிடுச்சு." சன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வெண்பனி கொஞ்ச நாள் வீடியோ கேசட் கடையாக இருந்தது, பிறகு வண்ணமீன் கடையாயிற்று. மீன்கடைக்காரன் ஆட்கள் வந்து நிற்கும் இடத்தில் தொட்டி வைக்காமல் காலியாக விட்டு, கால் துடைக்க ஒரு சாக்கும் குடை வைக்க ஒரு வாளியும் போட்டான். மழை நாட்களில் மீன் சந்தைப் பெண்கள் கூடைகளோடு கோடையின் வாசலில் வரிசை நின்று, நனையாமல் கோயில் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். ஏழாம் மாதத்தில் மட்டும் அந்த வழியை விட்டுவிடுவார்கள். அப்போது மீன்கள் தொட்டியின் ஒரே மூலையில் ஒதுங்கிக்கொள்கின்றன என்று கடைக்காரன் சொல்கிறான். வேறு தொந்தரவு இல்லை.

பீயுன்னுக்கு அறுபது தாண்டியதும் முழங்கால் போய்விட்டது. ஹோக்செங் துறைமுகத்தில் கழித்துக் கட்டிய பளுதூக்கி ஒன்றின் கப்பியையும் கம்பிக் கயிற்றையும் கொண்டுவந்து கூரையில் பொருத்தி, ஒரு மூங்கில் நாற்காலியைக் கட்டினான். அது கொஞ்சமும் வசதியாக இல்லை, ஆகவே வாசலாகவும் மாறவில்லை. காலையில் சந்தை திறக்கும் நேரத்தில் முதலில் பீயுன் மேலே போவாள், பிறகு மடியில் பையோடு வாடிக்கைக் கிழவிகள் ஒவ்வொருவராகக் குடை பிடித்தபடி மழைக்குள் எழும்பிப் போவார்கள். கீழே மீன் வெட்டுகிறவர்கள் தலை தூக்குவதில்லை. நாற்காலியிலிருந்து செருப்பு ஏதாவது விழுந்தால் எடுத்து ஏணியடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.